நோகாமற் பழம் அறிதல்

வெள்ளவத்தைச் சந்தையில் மாம்பழம் மலிந்து கிடக்கும் ஒரு காலை வேளையைச் சற்று நினைவுக்குக் கொண்டுவாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவோடிரவாக லொறியில் வந்திறங்கிய கறுத்தக்கொழும்பான் பழங்கள் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் பையுடன் வந்து நிற்கிறார். ஒரு பழத்தை எடுத்துப் பெருவிரலால் அதன் கன்னத்தை அமுக்கிப் பார்க்கிறார். மனம் நிறைவடையவில்லை, அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அதையும் அமுக்குகிறார். இவ்வாறு எட்டுப் பத்துப் பழங்கள் அவருடைய விரலுக்கு விடை சொல்லிவிட்டுப் பெட்டிக்குத் திரும்புகின்றன.

“அம்மா, நசிச்சுப் பாக்காதேங்கோ, பழம் கண்டிப் போகும்” என்கிறார் வியாபாரி.

“பாக்காமல் எப்படித் தம்பி வாங்கிறது? போன கிழமை வாங்கின ரெண்டும் உள்ளுக்குப் புளி” என்கிறார் அம்மையார்.

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. விலை கொடுத்து வாங்குபவர் தாம் வாங்கும் பொருளைச் சோதித்தறிய விரும்புவது இயல்பு. சோதிக்கப்பட்ட பொருள் அந்தச் சோதனையினாலேயே கெட்டுப்போனால் விற்பவர் வருந்துவதும் இயல்பு. பழத்தை அறுத்துப் பார்த்தால் உண்மை முழுவதும் தெரிந்துவிடும். ஆனால் அறுத்த பழத்தை மறுபடி விற்க இயலாது. அமுக்கிப் பார்த்தால் பாதி உண்மை தெரியும். பழமும் பாதி கெடும். பழத்துக்கு ஊறு செய்யாமல் அதன் உள்ளே இருப்பதை அறிய வழியுண்டா? சந்தை வாசலில் எழுந்த இவ்வினா, உலகின் பல ஆராய்ச்சிக் கூடங்களில் ஒரு நூற்றாண்டுக் காலமாக ஆராயப்பட்டு வருகிறது. அதனைப் பற்றியே இன்றைய பேச்சு அமைகிறது.

முதலில், அந்த அம்மையாரின் பெருவிரலின் கீழ் என்ன நிகழ்ந்தது என்பதைப் பார்ப்போம்.

பழத்தின் சதை கோடிக்கணக்கான நுண்ணிய கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலமும் சாறு நிறைந்த ஒரு சிறு பையைப் போன்றது. பையைச் சுற்றி உறுதியான சுவர் இருக்கிறது. ஒரு கலத்தை அடுத்த கலத்தோடு ஒட்டிவைக்கும் சாந்து போன்ற பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். காய் முற்றிப் பழுக்கத் தொடங்கும்போது, அதனுள் ஊறும் நொதியங்கள் இந்தப் பெக்டினைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. சுவர் தளர்கிறது, கலங்களின் பிடி நெகிழ்கிறது, வன்மையாயிருந்த காய் மென்மையான பழமாகிறது. நாம் மென்மை என்று விரலால் உணர்வது இந்த நெகிழ்ச்சியைத்தான்.

அமுக்கிய இடத்தில் கலங்களின் சுவர்கள் உடைகின்றன. அதுவரை வெவ்வேறு அறைகளில் அடைபட்டிருந்த நொதியங்களும் வேறு பொருள்களும் ஒன்றோடொன்று கலந்து காற்றிலுள்ள ஒட்சிசனைச் சந்திக்கின்றன. அதனால் சதை கபில நிறமாக மாறுகிறது. இம்மாற்றம் உடனே வெளித்தெரிவதில்லை. காலையில் அமுக்கிய தழும்பு மாலையிலோ மறுநாளோதான் தோலில் கறுப்பாகத் தெரியவரும். அதற்குள் அமுக்கியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். மேலும், காயம்பட்ட பழம் எதிலீன் என்னும் வாயுவை மிகுதியாக வெளியிடுகிறது. பழுக்கச் செய்வது அந்த வாயுவே. ஆகவே, ஒரு பழத்தில் பட்ட காயம் அதே பெட்டியில் உள்ள ஏனைய பழங்களையும் காலத்துக்கு முன்னே கனியச் செய்கிறது. மாலையில் வியாபாரி பெட்டியைக் கவிழ்த்து ஒதுக்குகின்ற பழங்களின் கதை இதுதான். இந்த நட்டம் அவருடன் நிற்பதில்லை. அடுத்த தடவை அவர் லொறிக்காரரிடம் விலையைக் குறைத்துக் கேட்பார். லொறிக்காரர் தோட்டக்காரரிடம் குறைத்துக் கேட்பார். வெள்ளவத்தையில் அமுக்கிய விரலின் விலையைத் தென்மராட்சியில் மாமரத்தின் கீழ் நிற்பவர் கொடுக்கிறார்.

இலங்கையில் விளையும் பழங்களிலும் மரக்கறிகளிலும் நூற்றுக்கு 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகின்றன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. அத்தனையும் விரலால் வந்த நட்டமன்று. முற்றாத காயைப் பறித்தல், சாக்கில் திணித்தல், வெயிலில் நிறுத்துதல், குலுங்கும் பாதையில் ஏற்றிச் செல்லுதல் ஆகிய யாவும் அதற்குக் காரணங்கள். ஆனால் இவற்றுள் பலவற்றுக்கு அடியில் ஒரு பொதுக் குறை உண்டு. எந்தப் பழம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உரிய நேரத்தில் எவரும் அறியாதிருப்பதே அக்குறையாகும்.

நம் முன்னோர் இக்கலையை அறியாதவர் அல்லர். விளாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓடு கல்லைப் போன்றது. நிறத்தைப் பார்த்தோ விரலால் அமுக்கியோ அதன் பக்குவத்தை அறிய இயலாது. கிராமத்துச் சிறுவர் என்ன செய்வர்? அதனை ஒரு முழ உயரத்திலிருந்து தரையில் விழவிடுவர். துள்ளி எழுந்தால் காய். துள்ளாது கிடந்தால் பழம். காயின் உள்ளே சதை ஓட்டோடு இறுக ஒட்டி நிற்பதால் முழுப் பொருளும் ஒரு பந்தைப் போல் துள்ளுகிறது. பழுத்தபின் சதை ஓட்டிலிருந்து நெகிழ்ந்து விழுகையின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஓடு உடையவில்லை, உண்மை வெளிவந்துவிட்டது.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்போரும் அவ்வாறே. முற்றாத பலா கெட்டியான ஒலி தரும். முற்றிய பலா உள்ளே வெளி இருப்பது போன்ற மந்தமான ஒலி தரும். தேங்காயைக் காதருகே குலுக்கி நீர் அலம்புகின்றதா என்று கேட்கிறோம். வத்தகப்பழ வியாபாரி விரல் முட்டியால் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். தாய்லாந்தில் டூரியன் பழத்தை நுனியில் இறப்பர் பொருத்திய கோலால் தட்டிப் பார்த்துப் பக்குவம் சொல்லும் தேர்ச்சியாளர் இருக்கின்றனர். மாங்காயை நீரில் இடுகின்ற வழக்கமும் உண்டு. முற்றிய காயில் மாப்பொருள் நிறைந்திருப்பதால் அது நீரைவிடச் சற்றுக் கனத்து மூழ்கும்; முற்றாத காய் மிதக்கும். பிலிப்பைன்ஸ் தீவுகளில் கரபாவோ என்னும் மாங்கனியை நூற்றுக்கு ஒரு வீதம் உப்புக் கலந்த நீரில் இட்டு மூழ்குவதையும் மிதப்பதையும் பிரிக்கிறார்கள்.

துள்ளல், ஒலி, கனம் ஆகிய இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கருவிகளிற் பல இவற்றின் வழிவந்தவையே.

மேனாட்டில் பழப் பரிசோதனை பெருவிரலிலிருந்துதான் தொடங்கிற்று. பெருவிரலின் குறை யாதெனில், ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு விதமாய் இருப்பதாகும். ஒருவருக்கு மென்மையாகத் தோன்றுவது இன்னொருவருக்கு வன்மையாகத் தோன்றும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த மக்னெஸ், டெய்லர் என்னும் இருவர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டனர். அவர்கள் செம்மைப்படுத்திய கருவியில், விரலுக்குப் பதிலாக வில்லோடு பொருத்திய உருக்குத் தண்டு ஒன்று இருந்தது. பழத்தின் தோலைச் சிறிது சீவிவிட்டுத் தண்டைச் சதைக்குள் செலுத்துவர். உள்ளே புக எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்பதை அளவுகோல் காட்டும். அப்பிளுக்கு 11 மில்லிமீற்றர் அகலமுள்ள தண்டு. பேரிக்காய்க்கு 8 மில்லிமீற்றர். இதே முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது.

மென்மைக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. ஆயினும், சோதிக்கப்பட்ட பழம் துளைபட்டு அழிந்தது. ஆகவே, நூறு பழங்களில் ஐந்தைத் துளைத்துப் பார்த்து, மற்றத் தொண்ணூற்றைந்தைப் பற்றி ஊகிக்கவேண்டியிருந்தது. பழங்கள் யாவும் ஒரு தன்மையனவாக இருந்தால் அந்த ஊகம் பொருந்தும். மாமரமோ ஒரே நாளில் பூப்பதில்லை. ஒரே மரத்தில், ஒரே கொப்பில், சில வாரங்கள் முந்திப் பிறந்த காயும் பிந்திப் பிறந்த காயும் அருகருகே தொங்கும். அளவிலும் நிறத்திலும் அவை இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கலாம். முதிர்ச்சியில் அண்ணனும் தம்பியுமாய் இருக்கும். ஐந்து மாணவரின் விடைத்தாளைத் திருத்திவிட்டு வகுப்பு முழுவதற்கும் புள்ளி வழங்கினால் நீதியாகுமா? ஒவ்வொரு பழமும் தனித்தனியே சோதிக்கப்படல் வேண்டும். சோதித்த பின்னும் விற்கத் தக்கதாய் இருத்தல் வேண்டும். இந்தத் தேவையே அறிஞர்களை ஒலியின் பக்கமும் ஒளியின் பக்கமும் திருப்பிற்று.

ஒலியை முதலிற் பார்ப்போம். வீணையின் தந்தியை இறுக்கினால் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். பழமும் அவ்வாறே. மெல்லத் தட்டினால் ஒவ்வொரு பழமும் செக்கனுக்குப் பல நூறு தடவை அதிர்கிறது. கெட்டியான பழம் உயர்ந்த சுருதியிலும், கனிந்த பழம் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஆனால் பெரிய மணிக்கும் சிறிய மணிக்கும் ஒலி வேறுபடுவது போல, பழத்தின் பருமனும் சுருதியை மாற்றும். ஆதலின் சுருதியை மட்டும் கேட்டால் போதாது. நிறையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1968ஆம் ஆண்டில் ஜூடித் அபொட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அதிர்வெண்ணின் வர்க்கத்தை நிறையால் பெருக்கிக் கிடைக்கும் எண் பழத்தின் விறைப்பைக் காட்டும் என்று எடுத்துரைத்தனர். 1970களின் தொடக்கத்தில் ரொபேட் குக் என்பவர் அதிர்வின் கணிதத்தை ஆராய்ந்து அக்கணக்கைத் திருத்தமாக்கினார். பழத்தை ஒரு சிறு சுத்தியலால் மெல்லத் தொட்டு, ஒலிவாங்கியால் கேட்டு, விறைப்பைக் கணிக்கும் இயந்திரங்கள் பின்னாளில் இதிலிருந்து பிறந்தன. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கும் வத்தகப்பழ வியாபாரியின் காது இங்கே கணினியின் காதாகிறது, அவ்வளவே.

எனினும், இம்முறை எல்லாப் பழங்களுக்கும் ஏற்றதன்று. அப்பிளும் வத்தகப்பழமும் ஏறத்தாழ உருண்டையானவை; அவற்றின் அதிர்வு ஒழுங்கானது. மாம்பழமோ தட்டையும் வளைவும் கொண்டது. நடுவே பெரிய கொட்டையும் உண்டு. அதன் ஒலியை விளங்கிக்கொள்வது கடினம். மருத்துவமனையில் வயிற்றிலுள்ள சிசுவைக் காட்டும் கேளா ஒலியையும் பழத்தில் செலுத்திப் பார்த்தனர். பழச்சதையின் கலங்களுக்கிடையே உள்ள நுண்ணிய காற்றறைகள் அந்த ஒலியை விழுங்கிவிட்டன. மனித உடலுக்குள் எளிதாகச் செல்லும் ஒலி மாம்பழத்துக்குள் தடுமாறுகிறது என்பது வியப்பிற்குரிய செய்திதான்.

இனி ஒளியைப் பார்ப்போம். இருட்டறையில் கைவிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தால் விரல்கள் செந்நிறமாக ஒளிர்வதைச் சிறுவர்கூட அறிவர். ஒளி சதைக்குள் புகுந்து மறுபுறம் வருகிறது. வரும் வழியில் சில நிறங்களை இழக்கிறது. எவை இழக்கப்பட்டன என்று அறிந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியலாம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர், செந்நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத ஒளி உண்டு என்று கண்டார். அதனை அகச்சிவப்பு ஒளி என்பர். நீரும் சீனியும் மாப்பொருளும் இவ்வொளியில் தத்தமக்குரிய பகுதிகளை உறிஞ்சிக்கொள்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் பணிபுரிந்த காள் நொறிஸ் என்னும் பொறியியலாளர், முட்டையை உடைக்காமல் ஒளியால் தரம் பார்க்கும் முயற்சியில் தொடங்கி, தானியங்களின் ஈரப்பதத்தை அகச்சிவப்பு ஒளியால் அளப்பது வரை சென்று, இத்துறையின் தந்தை எனப் போற்றப்பட்டார். 1980களின் இறுதியில் யப்பானியர் இம்முறையைப் பழங்களுக்குப் பயன்படுத்தி, பட்டியில் ஓடும் பீச் பழங்களை ஒவ்வொன்றாக ஒளியால் சோதித்து இனிப்பின்படி பிரிக்கத் தொடங்கினர்.

மாம்பழத்தைப் பொறுத்தவரை இம்முறையின் பயன் இன்னும் சிறப்பானது. பறிக்கும் வேளையில் மாங்காயில் சீனி குறைவு, மாப்பொருளே மிகுதி. பழுக்கும்போது அந்த மாப்பொருள் சீனியாக மாறுகிறது. எனவே, பச்சைக் காயில் நீர் நீங்கலாக உள்ள திண்பொருள் எவ்வளவு என்று அறிந்தால், அது பழுத்தபின் எவ்வளவு இனிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். அவுஸ்திரேலிய மாந்தோட்டங்களில் கையடக்கமான அகச்சிவப்புக் கருவியை மரத்திலுள்ள காயின் மேல் வைத்து இந்தத் திண்பொருளை அளக்கிறார்கள். 700 முதல் 1100 நனோமீற்றர் வரையுள்ள அலைநீளங்களை அது பயன்படுத்துகிறது. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அளவு எட்டிய காய் பறிக்கப்படும். எட்டாதது மரத்தில் இன்னும் சில நாள் நிற்கும். கையும் கண்ணும் சொல்ல மாட்டாத எதிர்காலச் செய்தியை ஒளி சொல்லுகிறது.

அன்னாசியின் இயல்பு வேறு. அது மாப்பொருளைச் சேமித்து வைப்பதில்லை. பறித்தபின் அதன் நிறம் மஞ்சளாகலாம்; இனிப்பு ஏறாது. ஆகவே, பறிக்கும் நாளிலேயே அதன் விதி முடிவாகிவிடுகிறது.

உள்ளே மறைந்த நோய்களும் உண்டு. இந்தியாவின் கொங்கணக் கரையில் விளையும் அல்பொன்சோ மாம்பழத்தில், வெளித்தோற்றம் அழகாயிருக்க, உள்ளே சதை பஞ்சுபோலாகிப் புளித்துவிடும் குறை ஒன்று காணப்படுகிறது. பழத்தை அறுக்கும் வரை அதை அறிய இயலாது. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள், எக்ஸ் கதிர்ப் படத்தின் மூலம் இக்குறையைக் காணலாம் என்று 1993ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். பின்னர், கொட்டைக்குள் ஒளிந்திருக்கும் வண்டையும் அதே வழியாகக் கண்டனர். எலும்பு முறிவைக் காட்டும் கதிர் மாங்கொட்டையின் கள்வனையும் காட்டிக்கொடுத்தது.

இத்தனை கருவிகளும் நம் சந்தைக்கு என்ன செய்யும் என்று நேயர்கள் கேட்கலாம்.

காலி வீதிப் பழக்கடைகளில் கடல் கடந்து வந்த அப்பிள்கள் ஒட்டுச்சீட்டுடன் பளபளக்கின்றன. பிறநாட்டு நவீன பொதியிடும் நிலையங்களில் அத்தகைய பழங்கள் ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கப்பட்டு, ஒளியால் துருவப்பட்டு, தரம் பிரிக்கப்படுகின்றன. அவற்றின் அருகே இருக்கும் கறுத்தக்கொழும்பானை எவரும் எந்தக் கருவியாலும் சோதித்ததில்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் குலுங்கி வந்த அப்பழத்துக்குக் கிடைக்கும் முதற் பரிசோதனை நுகர்வோரின் பெருவிரலே. பெயருக்கேற்ப அது கருமை தோய்ந்த பச்சைத் தோலை உடையது. கனிந்த பின்னும் பலவற்றில் அப்பச்சை முழுதும் நீங்குவதில்லை. ஆகவே கண்ணை நம்புவதும் அரிது. கண் ஏமாறுவதால் விரல் முந்துகிறது.

கண்ணை ஏமாற்றுவோரும் உளர். கல்சியம் காபைட் என்னும் பொருள் ஈரம் பட்டதும் அசெற்றலீன் வாயுவை வெளிவிடும். அது எதிலீனைப் போல் நடித்துக் காயை மஞ்சளாக்கிவிடும். முற்றாத காயில் மாப்பொருள் நிறையாததால் தோல் மட்டும் பழுக்கும். உள்ளே புளிப்பே எஞ்சும். கடைச்சரக்கான காபைட்டில் நஞ்சான ஆசெனிக், பொஸ்பரஸ் சேர்க்கைகளும் கலந்திருப்பதுண்டு. இந்தியாவில் காபைட்டால் பழுக்கவைத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2016இல், பத்து இலட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாத எதிலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதித்தது. எதிலீன் பழத்துக்கு இயல்பானது. எனினும் முற்றாத காயை அதுவும் இனிக்கச் செய்யாது. அந்த அம்மையார் போன கிழமை வாங்கிய இரு பழங்களும் உள்ளே புளித்ததற்கு, அவை முதிருமுன் பறிக்கப்பட்டமையே பெரும்பாலும் காரணமாயிருக்கலாம். பருவத்தின் தொடக்கத்தில் விலை உயர்ந்திருக்கும். கடனும் செலவும் நெருக்கும் தோட்டக்காரர் இரண்டு வாரம் முந்திப் பறிக்கிறார். அந்த இரண்டு வாரத்தின் புளிப்பு வெள்ளவத்தையில் வெளிப்படுகிறது.

ஆகவே, சோதனை நிகழ வேண்டிய இடம் சந்தையன்று. மரத்தடியும் பொதியிடும் நிலையமுமே. அங்கே ஒரு காயை இன்னும் சில நாள் விட்டுவைக்கலாம். நெடும்பயணத்துக்கு உரியதையும் உள்ளூரில் விற்கவேண்டியதையும் பிரிக்கலாம். சந்தைக்கு வந்தபின் அறிவதால் எஞ்சுவது ஏமாற்றம் மட்டுமே.

அதற்கு விலையுயர்ந்த கருவி முதல் நாளிலேயே வேண்டுமென்பதில்லை. காம்பைச் சூழ்ந்த தோள்கள் பருத்து உயர்ந்துள்ளனவா என்று பார்ப்பதும், தூய நீர்த் தொட்டியில் மூழ்குவது எது, மிதப்பது எது என்று பிரிப்பதும் சிறு தோட்டக்காரர் கூட்டுறவு முறையில் செய்யத்தக்க காரியங்கள். நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். அல்லாவிடில், ஒரு பழத்தின் அழுகல் தொட்டி முழுவதற்கும் பரவும்.

ஒளிக்கருவி பற்றி ஓர் உண்மையை மறக்கலாகாது. அது பிறவியிலேயே அறிவு பெற்றதன்று. நூற்றுக்கணக்கான பழங்களை ஒளியால் பார்த்து, அதே பழங்களை அறுத்து அளந்து, இரண்டையும் பொருத்திக் காட்டியே அதற்குக் கற்பிக்க வேண்டும். அவுஸ்திரேலிய மாங்காயில் பாடம் கற்ற கருவி கறுத்தக்கொழும்பானிடம் வந்தால் தவறான விடை சொல்லும். தோலின் தடிப்பு, விளைந்த மண், அன்றைய வெப்பம் யாவும் அதன் விடையை மாற்றும். நம் பழங்களுக்கான பாடத்தை நம்மவரே எழுதவேண்டும். அநுராதபுரத்திலுள்ள தேசிய அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவ நிறுவகம், பேராதனைப் பல்கலைக்கழகம், கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் ஆகியவை அதற்கு உரிய களங்கள். கறுத்தக்கொழும்பானுக்கும், வெள்ளைக்கொழும்பானுக்கும், அம்பலவிக்கும், வில்லாட்டுக்கும் தனித்தனி அளவு காண்பது ஓர் இளம் ஆராய்ச்சியாளருக்கு வாழ்நாட் பணியாக அமையும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தரம் பிரிக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பது சிறிய வினாவன்று. வாங்குபவர் கையில் மட்டும் இருந்தால், ‘உமது காயில் திண்பொருள் குறைவு’ என்று விலையைக் குறைக்க அது ஒரு சாட்டாகும். விளைவிப்பவர் கையிலும் இருந்தால், ‘எனது காய் நிறைவானது’ என்று விலை கேட்க அது ஒரு சான்றாகும். 2011 டிசம்பரில் மரக்கறி, பழவகைகளைப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற விதி வந்தபோது கமக்காரரும் வியாபாரிகளும் அதனை எதிர்த்தனர். கூடை நல்லது என்பதை மறுத்தவர் சிலரே. அதன் விலையையும் அது திரும்பி வரும் வழியையும் யார் ஏற்பது என்பதே பலருடைய கவலை. நல்ல கருவியும் அதனைச் சுமப்பவரைக் கேளாமல் வந்தால் அவ்வாறே ஆகும். பழத்தை நோகாமல் அறிய முற்படுகின்ற நாம், அதனை விளைவித்தவரையும் நோகச் செய்யலாகாது.

அந்நாள் வரும்வரை, சந்தைக்குச் செல்வோர் செய்யத்தக்க சில உண்டு. பழத்தை உள்ளங்கையில் ஏந்திக் கனத்தை உணரலாம். அளவில் ஒத்த இரண்டில் கனமானது பெரும்பாலும் நிறைவானது. காம்படியை முகர்ந்து பார்க்கலாம். கனிந்த மாம்பழம் தன் வரவை மணத்தால் அறிவிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவரைக் கேட்கலாம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பழங்களைத் தொட்டெடுக்கும் அவருடைய கை பல ஆண்டுக் காலம் பாடம் படித்த கருவி. அவர் உண்மை சொல்லவேண்டும். வாங்குபவர் அதை நம்பவேண்டும். இந்த நம்பிக்கை குலைந்த இடத்தில்தான் பெருவிரல் நீளுகிறது.

மறுபடியும் வெள்ளவத்தைச் சந்தைக்குச் செல்வோம். அம்மையாரின் கையிலிருந்த பழத்தை வியாபாரி மெல்ல வாங்கி வைக்கிறார்.

“இண்டைக்கோ அம்மா, நாளைக்கோ சாப்பிடப் போறியள்?”

“வெள்ளிக்கிழமை பேரன் வாறான் தம்பி. அவனுக்குத்தான்.”

வியாபாரி பெட்டியின் அடியிலிருந்து மூன்று பழங்களை எடுக்கிறார். எதையும் அமுக்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்த்து, காம்படியை ஒரு முறை முகர்ந்து, தாளில் சுற்றிக் கொடுக்கிறார்.

“வியாழன் மட்டும் இப்பிடியே வைச்சிருங்கோ. புளிச்சால் திருப்பிக் கொண்டு வாங்கோ.”

அம்மையார் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.